ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே டாக்டர்!

"டாக்டர், நாக்கால தள்ளிப் பார்த்தேன், ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இதுக்குப் போய் மூணு மாசம், நாலு மாசம்னு இழுக்கறீங்களே!"

திண்டிவனத்தில் என் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து இப்படிக் கேட்டவர் மேல்மலையனூர்க்காரர். அங்காளம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறார். அமாவாசை என்றால் ஆளைப் பிடிக்கவே முடியாது. நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் பார்க்க வரும் ஜனத்துக்கு எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொடுத்து முடிக்கவே விடிந்துவிடும். அதனால் அவருக்குக் காலண்டரே அமாவாசைதான். தேதி சொல்ல மாட்டார். "போன அமாவாசைக்கு நாலு நாள் முன்னாடி" என்பார்.

வயது ஐம்பத்தாறு. கீழ்த்தாடையில் வலது பக்கம் கடைவாய்ப்பல் ஒன்று போய் பல வருஷம் ஆகிவிட்டது. மேலே இடது பக்கம், கோரைப்பல்லுக்குப் பின்னால் இரண்டாவது பல்லும் இல்லை. கீழே போனது வெளியில் தெரியாது. மேலே போனது சிரித்தால் தெரியும். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் இரண்டு இடத்திலும் நிரந்தரப் பல் வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஐப்பசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் இரண்டு இம்ப்ளான்ட் வைத்தேன். இம்ப்ளான்ட் என்பது வேறொன்றுமில்லை. பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகு. அது எலும்போடு சேர்ந்த பிறகு அதன் தலையில் பல் மாதிரியான கேப்பைப் பொருத்துவோம். ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே நாள், ஒரே ஆசாமியின் வாய். ஆனாலும் கீழே வைத்ததற்குக் கருவி காட்டிய நம்பர் 76, மேலே வைத்ததற்கு 58.

"ரெண்டும் ஒரே ஆணிதானே டாக்டர்?" என்றார்.

ஆணி ஒன்றுதான். சுவர் வேறே!

முருங்கைக் கொம்பு தெரியுமில்லையா?

நம் வீடுகளில் முருங்கைக் கொம்பை வெட்டிக் கொல்லையில் ஊன்றுவோம். ஊன்றி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கியவுடன் அது அசையாமல் நிற்கும். அன்றைக்கு அதை நிறுத்தி வைத்திருப்பது வேர் இல்லை, மிதித்த மண்தான். வேர் விட்டுப் பிடித்துக்கொள்வது பல வாரம் கழித்து. நடுவில் வீட்டுப் பிள்ளைகள் 'வேர் விட்டுதா?' என்று தினம் ஆட்டிப் பார்த்தால் அந்தக் கொம்பு பிழைக்காது.

இம்ப்ளான்ட்டிலும் இதே இரண்டு இறுக்கம் உண்டு. வைத்த நிமிடத்தில் இருப்பது முதல் இறுக்கம். திருகின் மரை எலும்பைக் கவ்விக்கொண்டு நிற்பதால் வருவது, வெறும் தச்சு வேலை சமாச்சாரம். இரண்டாவது இறுக்கம் உடம்பு தருவது. திருகைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து டைட்டானியத்தோடு ஒட்டிக்கொள்வதால் வருவது. (இங்கே வேர் விடுவது கொம்பு இல்லை, மண்தான் கொம்பை நோக்கி வளர்ந்து வருகிறது. அது ஒன்றுதான் வித்தியாசம்.)

முதல் இறுக்கம் போதுமான அளவு இருந்தால்தான் இரண்டாவது வந்து சேரும். வைத்த திருகு எலும்புக்குள் 100 முதல் 150 மைக்ரானுக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தால் அதைச் சுற்றி எலும்பு வளராது; நார் மாதிரியான சதைதான் வளரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமனே 50 முதல் 100 மைக்ரான்தான். அதாவது ஒன்றிரண்டு முடிக்கனம் அசைவு போதும், இம்ப்ளான்ட் கெட! அந்த அசைவை நாக்கால் தள்ளிக் கண்டுபிடிக்க முடியுமா, சொல்லுங்கள்.

கழற்ற வராத டைட்டானியம்

டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்பதை யாரும் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற டாக்டர் 1952-ல் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த சின்னக் கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. எரிச்சல் வரவேண்டிய இடத்தில் அவருக்கு யோசனை வந்தது!

1965-ல் கோதென்பர்க் நகரில் முதல் மனிதருக்கு வைத்தார்கள். பெயர் கோஸ்டா லார்சன். பிறவியிலேயே தாடைக் குறை உள்ளவர். அவருக்கு வைத்த இம்ப்ளான்ட்கள் 2006-ல் அவர் காலமாகும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்தன. (நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் தாதுவில் இருப்பதும் இதே டைட்டானியம்தான்.)

பிரோனமார்க் காலத்து விதி ரொம்பக் கண்டிப்பு. கீழ்த்தாடை என்றால் மூன்று மாதம், மேல்தாடை என்றால் ஆறு மாதம் இம்ப்ளான்ட் மேல் எந்தப் பாரமும் வைக்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு இறுக்கம் என்று வாயில் வைத்து அளந்து பார்க்க அன்றைக்கு வழி இல்லை. அதனால் எல்லாருக்கும் ஒரே கெடு. இன்றைக்கு 'ஒரே நாளில் பல்' என்று விளம்பரம் வருகிறது. சில பேருக்கு அது நிஜமாகவே முடியும். யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் அளவு.

தேக்கும் நெட்டியும்

தாடை எலும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. லெக்ஹோம், ஸார்ப் என்ற இரண்டு நிபுணர்கள் 1985-ல் இதை நாலு தரமாகப் பிரித்தார்கள். முதல் தரம் தேக்குக் கட்டை மாதிரி கெட்டி. கீழ்த்தாடையின் முன்பக்கம் பெரும்பாலும் கெட்டி ரகம். நாலாம் தரம், மேலே மெல்லிய ஓடு, உள்ளே நெட்டி மாதிரி பொறபொறப்பு. மேல்தாடையின் பின்பக்கம் பலருக்கு இப்படித்தான். கடைக்காரரின் 76-க்கும் 58-க்கும் பாதிக் காரணம் இதுவே. ஸ்கேனில் முன்கூட்டியே ஓரளவு தெரியும். ஆனால் துளை போடும்போது கை உணர்வதும், திருகு இறங்கும்போது கருவி காட்டுவதும்தான் கடைசி வார்த்தை.

தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். மெத்தென்ற மரத்தில் ஸ்க்ரூ போட வேண்டுமானால் ஓட்டையைக் கொஞ்சம் சிறிசாகப் போடுவார்கள். நாங்களும் அப்படித்தான். மேலே அவருக்கு வழக்கத்தைவிட ஒரு நம்பர் சிறிய துளைதான் போட்டேன். இல்லாவிட்டால் 58 கூட வந்திருக்காது.

கை சொல்வதை நம்பலாமா?

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இறுக்கத்தை அளப்பது இப்படித்தான்: கண்ணாடிக் கைப்பிடியால் இம்ப்ளான்ட்டைத் தட்டுவோம். கணீரென்று சத்தம் வந்தால் சரி, மொத்தென்று கேட்டால் கவலை. சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவதில்லையா, அது மாதிரி. அப்புறம் விரலால் அசைத்துப் பார்ப்போம். அசையவில்லை என்றால் 'ஜம்முனு இருக்கு' என்று அனுப்பிவிடுவோம்.

அப்படி நான் 'ஜம்' என்று அனுப்பிய ஒரு அம்மாவுக்கு மேல்தாடை இம்ப்ளான்ட் ஆறாவது வாரத்தில் கையோடு வந்துவிட்டது. வலி இல்லை, சீழ் இல்லை. சாதத்தில் கல் அகப்பட்ட மாதிரி எடுத்து, கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். அவருக்கு என் மேல் கோபம்கூட இல்லை. 'என் உடம்பு வாகு டாக்டர்' என்றார். அவர் உடம்பு வாகு இல்லை. அவசரப்பட்டு ஐந்தாவது வாரத்திலேயே கேப் போட்டது நான். விரலுக்கு அசையாதது எலும்புக்கும் அசையாது என்று நம்பியது என் தப்பு.

கைக்கு அடுத்தபடி டார்க் ரென்ச். திருகை இறக்கும்போது எவ்வளவு எதிர்ப்பு என்று காட்டும் ஸ்பானர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு, நியூட்டன் சென்டிமீட்டர். 35 என்றால், ஒரு சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் மூன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு. உடனே பல் வைப்பதாக இருந்தால் 30, 35-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பல டாக்டர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. கடைக்காரருக்குக் கீழே 40 வந்தது, மேலே 18. அப்படியானால் இறுக்கு இறுக்கு என்று இறுக்கினால் நல்லதா? அதுவும் இல்லை. அளவுக்கு மீறி நெருக்கினால் எலும்பு நசுங்கி, அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையக்கூடும்.

டார்க் அளவில் ஒரு குறை உண்டு. அதை ஒரே ஒரு தரம்தான் பார்க்க முடியும், திருகு இறங்கும்போது. நாலு வாரம் கழித்து 'இப்ப எப்படி?' என்று கேட்டால் பதில் சொல்லாது. மறுபடி முறுக்கிப் பார்த்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் இளம் எலும்பே பிய்ந்துவிடும்!

ஜெர்மனியில் 1980-களில் பெரியோடெஸ்ட் என்றொரு கருவி வந்தது. பேனா மாதிரி இருக்கும். உள்ளேயிருந்து ஒரு சின்னக் குச்சி நாலு வினாடியில் பதினாறு தரம் மெதுவாகத் தட்டி, பட்ட இடத்தில் எவ்வளவு நேரம் ஒட்டி நிற்கிறது என்று பார்க்கும். ஆடுகிற பல்லுக்காகச் செய்ததை இம்ப்ளான்ட்டுக்கும் பயன்படுத்தினார்கள். பேனாவைப் பிடிக்கும் கோணம் கொஞ்சம் மாறினாலும் நம்பர் மாறும் என்பது அதில் தொல்லை.

உடுக்கைக்காரர் ரகசியம்

76, 58 என்றேனே, அந்த நம்பர் வேறொரு கருவி தந்தது. இதை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார்.

அங்காளம்மன் சன்னதியில் உடுக்கை அடிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? இடுப்பில் உள்ள கயிற்றைக் கைக்குள் வைத்து நெருக்குவார். தோல் இறுகும், ஓசை ஏறும். கையைத் தளர்த்தினால் தோல் தொய்யும், ஓசை இறங்கும். ஆக, எதிரில் நிற்பவர் கயிற்றைத் தொடாமலே, ஓசையை வைத்தே தோல் எவ்வளவு இறுக்கம் என்று சொல்லிவிடலாம்.

இம்ப்ளான்ட் கருவியும் காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். திருகின் தலையில் காந்தம் வைத்த ஒரு சின்னக் குச்சியைக் கையால் பொருத்துவோம். அதைத் தொடாமல், பக்கத்தில் கருவியைக் கொண்டுபோனால் காந்த அலை குச்சியை அதிரவைக்கும். எந்த வேகத்தில் அது அதிகபட்சமாக அதிர்கிறது என்று கருவி பிடித்துக்கொள்ளும். வினாடிக்குச் சுமார் 3,500 தடவையிலிருந்து 8,500 தடவை வரை. எலும்பு இறுகப் பிடித்திருந்தால் அதிர்வு எண் ஏறும், தளர்ந்திருந்தால் இறங்கும். நீல் மெரிடித் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 1996-ல் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். அதிர்வு எண்ணை அப்படியே சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது என்று 1 முதல் 100 வரை ஒரு அளவுகோலாக்கி 'ஐ.எஸ்.க்யூ.' என்று பெயர் வைத்தார்கள். பொதுவாக 70-க்கு மேல் என்றால் நல்ல இறுக்கம். 60-லிருந்து 70 வரை நடுத்தரம். 60-க்குக் கீழே என்றால் ஜாக்கிரதை.

வலி? துளிகூட இல்லை. நிமிடக் கணக்குகூட இல்லை, வினாடிக் கணக்குதான். எத்தனை தடவை வேண்டுமானாலும் அளக்கலாம். குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம் என்று இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். எலும்பு எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருப்பதில்லையே!

கார்த்திகை அமாவாசை

இனிமேல்தான் முக்கியமான கட்டம். கடைக்காரர் கார்த்திகை அமாவாசை முடிந்த மறுநாள் வந்தார். நாலு வாரம் ஆகியிருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, சந்தோஷமாக உட்கார்ந்தார். அளந்தேன். கீழே 76 இருந்தது 72. மேலே 58 இருந்தது 52.

"என்ன டாக்டர், மார்க் குறையுது?"

குறையத்தான் செய்யும். திருகு இறங்கும்போது நெருக்கப்பட்ட பழைய எலும்பை உடம்பு முதலில் அரித்து எடுத்துவிடுகிறது. அப்புறம்தான் அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டுகிறது. பழைய வீட்டுச் சுவரை இடித்துவிட்டோம், புதுச் சுவர் இன்னும் எழும்பவில்லை என்கிற நிலை. இந்தப் பள்ளம் பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரத்துக்குள் வரும். விசித்திரம் என்னவென்றால், புண் ஆறி, தையல் பிரித்து, வலி அடியோடு போய், 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று நோயாளி நினைக்கும் நேரமும் இதுதான்! இம்ப்ளான்ட் தன் வாழ்நாளிலேயே தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் நம்மவர்கள் முறுக்கைக் கடிக்கிறார்கள்.

"அந்தப் பக்கம் ஏதாவது கடிச்சீங்களா?"

ஒரு நிமிடம் மௌனம். "வறுத்த மல்லாட்டைதான் டாக்டர்... கடையில உக்காந்தா கை சும்மா இருக்காது... நாலஞ்சு..."

(வெளியூர் வாசகர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கம் விளைகிற சரக்கு.)

ஆறு புள்ளி இறங்கியதற்கு இயற்கையான பள்ளம் காரணமா, மல்லாட்டை காரணமா என்று கருவி சொல்லாது. எனக்கும் தெரியாது. ஆனால் இன்னும் இரண்டு வாரம் இப்படியே போயிருந்தால், கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த அம்மாவின் கதைதான். அந்தப் பக்கம் மெல்லவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் மனைவியையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். அது நல்ல பலன் தந்தது!

பீடி உண்டா என்று முன்பே கேட்டிருந்தேன். "எப்பவாவது" என்றார். எப்பவாவது என்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். புகை, ஈறுக்கும் எலும்புக்கும் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. புது எலும்பு வளர வேண்டிய மாதங்களிலாவது அதை விட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாத சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாதிரி மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் பெண்மணிகள் அதைப் பல் டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

நம்பரே எல்லாம் சொல்லிவிடுமா?

சொல்லாது. 58 என்பதால் இம்ப்ளான்ட் விழுந்தே தீரும் என்றில்லை, 76 என்பதால் சாகும்வரை கவலையில்லை என்றுமில்லை. இம்ப்ளான்ட்டின் நீளம், பருமன், ரகம் மாறினால் நம்பரும் மாறும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரோடு உங்கள் நம்பரை ஒப்பிட்டு வருத்தப்படுவது வேண்டாத வேலை. உங்கள் முதல் நாள் நம்பரோடு உங்கள் அடுத்த நம்பரை ஒப்பிடுங்கள். இறங்கி ஏறுகிறதா, இறங்கிக்கொண்டே போகிறதா என்பதுதான் சேதி. எக்ஸ்-ரே, ஈறின் நிறம், வலி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

எல்லா கிளினிக்கிலும் இந்தக் கருவி இருக்காது. விலை அதிகம். இல்லாத டாக்டர் மோசமான டாக்டர் என்று அர்த்தமில்லை. அவர் டார்க் அளவையும் எலும்பின் தரத்தையும் வைத்து, பழைய முறைப்படி கூடுதலாகக் காத்திருக்கச் சொல்வார். அது பத்திரமான வழிதான். கருவியும் இல்லாமல், டார்க்கும் குறித்துவைக்காமல், 'நாளைக்கே பல்' என்று சொன்னால்தான் யோசிக்க வேண்டும். "என் இம்ப்ளான்ட்டுக்கு டார்க் எவ்வளவு வந்தது, ஐ.எஸ்.க்யூ. எவ்வளவு, எப்போது மறுபடி அளப்பீர்கள்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. இம்ப்ளான்ட்டின் கம்பெனி, அளவு அச்சடித்த ஸ்டிக்கரோடு இந்த நம்பர்களையும் ஒரு சீட்டில் வாங்கி வையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனாலும் உதவும்.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். சென்னையில் 1953-ல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் பக்கத்தில் மேல்மருவத்தூரிலும் புதுச்சேரியிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கேயும் முதலில் இதே கேள்வியைக் கேளுங்கள்.

கடைக்காரர் மார்கழி அமாவாசை கழிந்து வந்தார். கீழே 75. அந்த வாரமே கீழ்ப்பல்லுக்கு கேப் போட்டாகிவிட்டது. மேலே 60. ஏறியிருக்கிறது, ஆனால் போதாது.

"டாக்டர், தை பொறந்தா கல்யாணம்..."

"கல்யாணத்துக்குப் பல் உண்டு. ஆனா கழற்றி மாட்டுற பல்."

முகம் சுருங்கிவிட்டது. இம்ப்ளான்ட் மேல் துளியும் அழுத்தம் படாமல் ஒரு தற்காலிகப் பல் செய்து கொடுத்தேன். சாப்பிடும்போது கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், போட்டோவுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணப் பந்தியில் அதைப் பாயசத்தோடு விழுங்கிவிடப் போகிறார் என்று அவர் மனைவிக்கு ஒரே பயம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மாசியில் மயானக் கொள்ளை, தேர் என்று கோயில் திருவிழா முடியும்வரை அவர் கடையை விட்டு நகரவில்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு செஞ்சி பஸ் பிடித்து வந்தார். மேலே அளந்தேன். 68. ஏழெட்டு நாளில் மேல்பல்லுக்கும் கேப் போட்டு அனுப்பினேன். போகும்போது மேஜை மேல் ஒரு பொட்டலம் வைத்தார். பிரித்தால் வறுத்த மல்லாட்டை.

"நீங்க சாப்பிடுங்க டாக்டர். நான் இந்தப் பக்கம் எப்ப கடிக்கலாம்?"

"முதல்ல சாதம், இட்லி. ஒரு மாசம் கழிச்சு வாங்க, இன்னொரு தரம் எக்ஸ்-ரே பார்த்துட்டுச் சொல்றேன்."

"அப்ப அடுத்த அமாவாசை" என்று சொல்லிவிட்டுப் போனார்.